திருத்தங்கலில் நான்கு நாட்கள்

நம் நாட்டில் சில ஊர்களை ஜனங்கள் கண்ணால் கண்டு அறிகிறார்கள். சில ஊர்களைக் காதால் கேட்டு அறிகிறார்கள். வேறு சில ஊர்களையோ கையால் தொட்டு அறிகிறார்கள். சிவகாசி வட்டாரம் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. மாலையில் சுவாமி விளக்கை ஏற்றத் தீப்பெட்டியை எடுக்கும் இல்லத்தரசியும், காலையில் எழுந்தவுடன் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்கும் பெரியவரும், தீபாவளியன்று கம்பி மத்தாப்பைச் சுழற்றிக் குதிக்கும் குழந்தையும் அந்த வட்டாரத்தைத் தொடாமல் ஒரு வருஷத்தைக் கழிப்பதில்லை. ஆயினும் அவர்களுள் அவ்வூர்ப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் வெகு சிலரே.

காவிரிக் கரையில் பிறந்து, காவிரிக் கரையிலேயே இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நமக்கும், சென்ற ஆடி மாதம் வரையில் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதன்பின் கிட்டியதும் தொழில் நிமித்தமாகத்தான். நம் பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரை அச்சிட்டுக் கொண்டு வரும் பொறுப்பை நிர்வாகத்தார் நம்மிடமும் நம் பள்ளி ஓவிய ஆசிரியரிடமும் ஒப்புவித்தார்கள். மலர் நிறைய வண்ணப் படங்கள் வேண்டும். செலவோ குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறக் கூடிய இடம் தமிழ் நாட்டில் எது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. மலர் முழுவதும் ஒரு விரல் அளவான பென் டிரைவுக்குள் அடங்கிவிட்டது என்றாலும், வழக்கத்தை விடாமல் காகிதக் கட்டு ஒன்றையும் சுமந்து கொண்டு இருவரும் புறப்பட்டோம். ஏற்பாடு செய்திருந்த அச்சகம், சிவகாசிக்கு நான்கைந்து கிலோமீட்டர் இப்பால் உள்ள திருத்தங்கலில் இருந்தது. ஆகவே நான்கு நாட்கள் அவ்வூரிலேயே தங்கினோம்.

கரிசல் நிலத்தினூடே

மதுரையில் வண்டி மாறிச் செங்கோட்டை செல்லும் ரயிலில் அமர்ந்தோம். விருதுநகர் வரையில் தெற்கு நோக்கி ஓடிய வண்டி, அங்கே பெரிய பாதையை விட்டுப் பிரிந்து மலைகளின் பக்கமாகத் திரும்புகிறது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இந்த இருப்புப்பாதை போடப்பட்டது 1927-ஆம் ஆண்டில். பருத்தியும் மிளகாயும் எண்ணெயும் ஏறி இறங்கிய பாதையில், அதன்பின் தீப்பெட்டியும் காகிதமும் ஏறி இறங்கலாயின.

நீர் ஓடும் வாய்க்காலையும் நாற்றின் பச்சையையும் நாள்தோறும் கண்டு பழகிய கண்களுக்கு இந்நிலம் முதலில் ஒரு திகைப்பையே தருகிறது. கறுத்து வெடித்த மண். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம். இடையிடையே ஒற்றைப் பனை. மேற்கே தொடர்ச்சி மலை நீல நிறமாகத் தோன்றுகிறது. மலையின் தலையில் கருமேகங்கள் திரண்டிருக்கின்றன. ஆனால் மழை மலைக்கு அந்தப் பக்கத்துக்கு, காற்று இந்தப் பக்கத்துக்கு என்று யாரோ பாகப்பிரிவினை செய்து வைத்தாற்போல், மலையாளத்திலே மழை கொட்டுகிறது. இங்கே ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கிறது.

இந்த வறட்சியே இவ்வட்டாரத்தாரைத் தொழிலின் பக்கம் தள்ளியது. இதே வறட்சியே அத்தொழிலுக்கு உதவியும் செய்கிறது. குச்சி உலர வேண்டும், பசை உலர வேண்டும், மை உலர வேண்டும், மருந்து உலர வேண்டும். இத்தனைக்கும் ஈரமில்லாத காற்றைப் போல உதவி வேறில்லை. பயிருக்குப் பகையான வானத்தை இவ்வூரார் தொழிலுக்குத் துணையாக்கிக் கொண்டார்கள்.

நிலையத்தில் இறங்கியவுடன் நாம் முதலில் உணர்ந்தது அமைதி. பட்டாசு ஊர் என்றால் எங்கேனும் ஒரு வெடியோசையாவது கேட்க வேண்டாமா? கந்தக நெடி வீச வேண்டாமா? ஒன்றையும் காணோம். வண்டியோட்டிய ஆட்டோக்காரரிடம் ஓவிய ஆசிரியர் இதைக் கேட்டே விட்டார். “என்ன அண்ணாச்சி, ஒரு வெடிச் சத்தம்கூடக் கேட்கவில்லையே?”

அவர் திரும்பிப் பாராமலே பதில் சொன்னார்: “வெடிக்கிறது வெளியூர்க்காரங்க வேலை, சார். வெடிக்காமப் பாத்துக்கிறதுதான் எங்க வேலை.”

நான்கு நாட்களில் நாம் கண்டதும் கேட்டதும் அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரையாகவே அமைந்தன.

வண்ணக் காகித வீதிகள்

திருத்தங்கல் சிறிய ஊரன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஐம்பத்தையாயிரம் ஜனங்களுக்கு மேல் இருந்தனர். தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் 2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆயினும், “நீங்கள் சிவகாசியா?” என்று கேட்டால், “இல்லை, திருத்தங்கல்” என்று அழுத்தந்திருத்தமாகவே விடை வருகிறது.

வீதிகளில் நடந்தால் காகிதமே கண்ணில் படுகிறது. மிதிவண்டியில் காகிதம், தள்ளுவண்டியில் காகிதம், லாரியில் மலைபோல் காகிதம். அச்சகங்களில் ஓரம் வெட்டிய துண்டுகள், சிவப்பும் மஞ்சளுமாக, ஆடிக் காற்றில் பறந்து வேலியோரத்துக் கருவேல முட்களில் சிக்கி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த செடி என்றே தோன்றும். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து பேசிக் கொண்டிருக்கிறார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்க, கை மறு பக்கம் பெட்டி ஒட்டிக் கொண்டோ, தாள் மடித்துக் கொண்டோ இருக்கிறது. சும்மா இருக்கும் கையை இவ்வூரில் காண்பது அரிது.

நாம் சென்ற சமயம் அச்சகங்களுக்கு முக்கியமான சமயம். ஆடிப் பெருக்கன்று மறு வருஷக் காலண்டர்களின் மாதிரித் தொகுப்பை வெளியிடுவது இங்குள்ள வழக்கம். காவிரிக் கரையில் நாம் ஆடிப் பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக் கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறோம். ஆறில்லாத இவ்வூரிலோ அன்று புது வருஷமே பிறந்து விடுகிறது. சுவரெங்கும் மீனாட்சியும் முருகனும், வேளாங்கண்ணி மாதாவும், மக்காவின் புனிதத் தலமும், காந்தியடிகளும் காமராஜரும், கொழுகொழுவென்ற குழந்தைகளும், யாரும் போய்ப் பார்க்காத பனிமலைகளும், எல்லோரும் சண்டை சச்சரவின்றி அருகருகே தொங்குகிறார்கள். தேசத்தில் வேறெங்கும் இவ்வளவு ஒற்றுமையை நாம் கண்டதில்லை.

இந்தப் படங்களை எள்ளி நகையாடும் மேதாவிகள் உண்டு. ஆனால் ஓவிய ஆசிரியர் அவற்றின்முன் வெகு நேரம் நின்றார். இங்கிருந்து அதிக தூரமில்லாத கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ஆம் ஆண்டில் மறைந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு வரைந்த தெய்வத் திருவுருவங்கள், சிவகாசியின் அச்சு யந்திரங்கள் வழியாகவே லட்சக்கணக்கான வீடுகளின் பூஜையறைகளை அடைந்தன. கண்ணாடி போட்ட படம் வாங்க வகையற்ற குடியானவன்கூடக் காலண்டர்ப் படத்தைச் சுவரில் ஒட்டிக் கும்பிட்டான். கலை, செல்வர் மாளிகையை விட்டுக் குடிசைக்குள் நுழைந்த வழி இது.

நம் மலரின் முதல் படிவம் யந்திரத்தில் ஏறியபோது அச்சகத்துத் தலைமைத் தொழிலாளி நம் கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். அதன் வழியாகப் பார்த்தால் வண்ணம் என்பதே இல்லை. நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறப் புள்ளிகள் மாத்திரமே இருக்கின்றன. நான்கு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மியும் பிசகாமல் விழ வேண்டும். “மயிரிழை தப்பினாலும் அம்மனுக்கு ரெண்டு மூக்குத்தி ஆயிரும், சார்” என்றார் அவர். படிப்பு எட்டாம் வகுப்பு என்று சொன்ன அந்த மனிதருடைய கண், நாம் பட்டம் பெற்றுச் சம்பாதித்த கண்ணை விடக் கூர்மையாக இருந்தது.

அறையின் ஒரு மூலையில் தீப்பெட்டி மேலட்டைகள் அடுக்கியிருந்தன. சிலவற்றில் பிரெஞ்சு எழுத்துக்கள் காணப்பட்டன. “ஆப்பிரிக்காவுக்குப் போகிற சரக்கு” என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நாடுகள் பலவற்றில் அந்த மொழி இன்றும் வழங்குகிறது அல்லவா? அட்லாண்டிக் கடலோரத்தில் ஒரு தாய் அடுப்பு மூட்டுவதற்குக் கரிசல் காட்டில் ஒரு தாய் பெட்டி ஒட்டுகிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் காணப் போவதில்லை.

கல்கத்தாவுக்குச் சென்ற இருவர்

நாம் தொழில் நிமித்தமாக இவ்வட்டாரத்துக்கு வந்தது போல, இவ்வட்டாரத்திலிருந்து தொழில் நிமித்தமாகத் தூர தேசம் சென்ற இருவரின் யாத்திரையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஏனெனில் இன்று காணும் அத்தனைக்கும் அதுவே வித்து.

நூறு வருஷங்களுக்கு முன் நம் நாட்டில் பற்ற வைத்த தீக்குச்சி பெரும்பாலும் ஸ்வீடன் தேசத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. கல்கத்தாவில்தான் சுதேசி முயற்சியாகச் சில தீப்பெட்டிச் சாலைகள் தோன்றியிருந்தன. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள், 1920-களின் தொடக்கத்தில், பாஷை தெரியாத அந்த மாநகரத்துக்கு ரயிலேறிச் சென்று, அங்கே தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து யந்திரங்கள் தருவிக்கப்பட்டன. ஆனால் வேலையற்று நின்ற கைகள் ஆயிரக்கணக்கில் இருந்த கரிசல் சீமையில் யந்திரத்தைவிடக் கைத்தொழிலே கட்டுப்படியாயிற்று.

அதன்பின் ஒரு தொழில் மற்றொன்றைப் பெற்றெடுத்தது. வண்ண ஒளி வீசும் தீக்குச்சி செய்யக் கற்றவர்கள் மத்தாப்புச் செய்தார்கள். மத்தாப்புச் செய்தவர்கள் வெடி செய்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றபோது, 1940-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி லைசென்ஸ் பெற்ற தொழிற்சாலைகள் இங்கே தோன்றி வளர்ந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மேலட்டை வேண்டியிருந்தமையால் அச்சுத் தொழில் பிறந்தது. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பண்டித நேரு பெயரிட்டதாக இங்குள்ளோர் பெருமையோடு சொல்லிக் கொள்ளுகிறார்கள்.

தீக்குச்சியின் உள்ளே இருக்கும் சூட்சுமத்தை வாசகர்கள் அறிந்திருக்கலாம். குச்சியின் தலையில் குளோரேட் உப்பு இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரம் இருக்கிறது. தனித்தனியே இருக்கும் வரையில் இரண்டும் சாது. உரசும்போதே நெருப்புப் பிறக்கிறது. சேரக் கூடாதவற்றைச் சேர விடாமல் பிரித்து வைப்பதே பத்திரம் என்ற இந்தச் சிறு பாடத்தின்மீதுதான் இவ்வூரின் வாழ்வு முழுவதும் நிற்கிறது. மறு நாள் அதைக் கண்ணாரக் கண்டோம்.

நெருப்பைத் தள்ளி வைத்த இடம்

மூன்றாம் நாள், அச்சக அதிபரின் உதவியால், ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுச் சாலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தொழிற்சாலை என்றவுடன் ஓங்கிய கட்டடத்தையும் புகைபோக்கியையும் எண்ணுகிறோம். இங்கே அப்படி எதுவும் இல்லை. பரந்த பொட்டலில், ஒன்றுக்கொன்று வெகு தூரம் விட்டு, சிறு சிறு அறைகள். நடுவே வேப்ப மரங்கள். ஓர் அறையில் தீங்கு நேர்ந்தால் அடுத்த அறைக்குத் தாவாமல் இருப்பதற்காக இந்த இடைவெளி. ஒவ்வோர் அறைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள்; எல்லாக் கதவுகளும் வெளிப்புறமாகத் திறக்கின்றன.

வாயிலில் நம் கைபேசிகளை வாங்கி வைத்துக் கொண்டார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி உண்டா என்று தடவிப் பார்த்தார்கள். தீப்பெட்டிக்குப் பேர்போன வட்டாரத்தில் தீப்பெட்டி வைத்திருப்பது குற்றமாகக் கருதப்படும் இடம் இது ஒன்றே! செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அறைக்குள் போவோர் முதலில் வாயிலில் பதித்துள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். நம் உடம்பிலும் உடையிலும் நாம் அறியாமல் சேர்ந்திருக்கும் மின்சாரத்தைப் பூமியில் இறக்கி விடுவதற்காகவாம். கோயிலுக்குள் நுழையும்போது வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்ளும் பாவனையிலேயே பெண்கள் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: இந்த அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, அதற்கு மேல் கூடாது. மருந்து என்று இவர்கள் சொல்வது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் முதலானவை சேர்ந்த கலவையை. அதைக் கலக்கும் வேலை அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னே முடிந்து விட வேண்டும். இரும்புக் கருவி ஆகாது, பொறி பறக்கும். நைலான் உடை ஆகாது. தூரத்தில் இடி முழங்கினாலும் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும். மீந்த மருந்தை மறு நாளைக்கென்று வைக்கலாகாது. ஓசையின்றி, ஓட்டமின்றி, ஒருவரை ஒருவர் உரத்து அழைக்காமல், நாற்பது ஐம்பது பெண்கள் அந்தச் சிறு அறைகளில் நால்வர் நால்வராக அமர்ந்து வேலை செய்தார்கள். உலகத்திலேயே மிகுந்த ஓசையை உண்டாக்கும் பொருள், மிகுந்த அமைதியான இடத்தில் பிறக்கிறது.

இடைவேளையில் மரத்தடியில் சாப்பிட்டுக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேசினோம். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் வெள்ளித் தூள். நம்மை இன்ன தொழில் என்று விசாரித்தவர், “வாத்தியாரய்யாவா?” என்று முந்தானையைச் சரி செய்து கொண்டார்.

“நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், ஐயா. ஒம்பது வயசுல தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்ன பஸ்ஸு வந்து ஏத்திட்டுப் போவும். என் மக காலேசுல ரெண்டாம் வருசம் படிக்கிறா. அவ இந்தத் தகட்டைத் தொடக் கூடாதுன்னு நெனச்சித்தான் நான் தெனமும் தொடுறேன்.”

இவர் சொன்ன காலம் கற்பனையன்று. இவ்வட்டாரத்துத் தீப்பெட்டிச் சாலைகளில் ஆயிரமாயிரமாகக் குழந்தைகள் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்னிட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கடுமையான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. சட்டம் ஒரு பக்கம் தடுக்க, சோறும் பள்ளிக்கூடமும் மறு பக்கம் இழுக்க, நிலைமை மெல்ல மாறிற்று. பகலுணவுத் திட்டத்தைத் தமிழ் நாட்டுப் பள்ளிகளில் பரப்பிய காமராஜர் இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள விருதுநகரில் பிறந்தவர் என்பதை எண்ணிக் கொண்டோம். மாலையில் திருத்தங்கல் வீதியில் சீருடையும் சைக்கிளுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்டபோது, பள்ளிக்கூட வாத்தியாருக்கு வேறு தரிசனம் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லாம் நலமே என்று எழுதி முடித்தால் அது பொய்யாகும். நாம் கண்டது ஒழுங்கு காக்கப்பட்ட ஓர் இடம். ஒழுங்கு தளர்ந்த இடங்களின் பெயர்களை இவ்வட்டாரத்தார் தேதியோடு சொல்லுகிறார்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிவகாசியை அடுத்த செங்கமலப்பட்டியில் மீண்டும் உயிர்கள் பலியாயின. விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் காரணங்களும் அநேகமாக ஒன்றே: நால்வர் இருக்க வேண்டிய அறையில் பலர், அளவுக்கு மேல் மருந்து, அறைக்குள் செய்ய வேண்டியதை மரத்தடியில் செய்தது, லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க உள்குத்தகை வேறொருவருக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவசரம். தீபாவளிக்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம்.

தொழிலாளிக்கும் அதில் பங்கில்லையா என்று சிலர் கேட்கலாம். எண்ணிக்கைக்குக் கூலி பெறுகிறவர் விரைந்து செய்யத்தான் செய்வார். விரைந்தால் கூலி, விரைந்தால் சாவு என்ற இரண்டுக்கும் நடுவே ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவரையே குற்றம் சொல்லுவது நியாயமாகாது.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கி, புகை குறைந்த பசுமைப் பட்டாசையே செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. அதையொட்டிப் பல மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. வடநாட்டு நகரங்களின் மூச்சுக்காகப் பிறந்த அந்தக் கட்டளையின் நியாயத்தை இங்குள்ளோர் மறுக்கவில்லை. மூடிய மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை மட்டும் சொன்னார்கள். மூச்சும் வேண்டும், சோறும் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் சங்கடம் இவ்வூருக்கு வாய்த்திருக்கிறது.

மலை மேலே

அன்று மாலை ஊரின் நடுவே எழுந்து நிற்கும் குன்றின்மேல் ஏறினோம். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் இடம் அது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். திருமகள் தவம் செய்து தங்கியதால் திருத்தங்கல் என்று பெயர் வந்தது என்பது தல புராணம். பாறையைக் குடைந்த குகையிலே பள்ளிகொண்ட பெருமாளும் இருக்கிறார். அதே குன்றில் கருநெல்லிநாதர் என்ற பெயரோடு சிவபெருமானும் வீற்றிருக்கிறார். காலண்டர்களிலே கண்ட ஒற்றுமையை இங்கே கல்லிலும் கண்டோம்.

பாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் இங்கே திருமணம் நடந்ததாகச் சொல்லுகிறார்கள். கனவில் வந்தவன் யார் என்று உஷை தவித்தபோது, தோழி சித்திரலேகை ஒவ்வொரு ராஜகுமாரனாக வரைந்து காட்டினாள் என்பது கதை. “அப்படியானால் இந்த ஊரின் முதல் சித்திரக்காரி அவள்தான்!” என்று ஓவிய ஆசிரியர் மகிழ்ந்தார். அது புராணம், வரலாறும் சளைத்ததன்று. சங்க நூல்களில் தங்கால் என்ற ஊர்ப் பெயரோடு புலவர்கள் வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் பொற்கொல்லர். அருகேயுள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. கை வேலை இவ்வட்டாரத்துக்கு நேற்று வந்ததன்று.

மேலே நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. ரயில் பாதை, வீடுகள், அச்சகத் தகரக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் பொட்டலில் புள்ளி வைத்தாற்போல் அந்தச் சிறு அறைகள். அங்கே நின்றபோது சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் வரும் தங்கால் வரலாறு நினைவுக்கு வந்தது. பாடமாக எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஊரைக் கண்டபின் அதன் பொருள் வேறாயிற்று.

சோழ நாட்டுப் பராசரன் என்ற அந்தணன் சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் தங்காலில் இளைப்பாறினான். விளையாடிக் கொண்டிருந்த சிறுவர்களை அழைத்து, “என்னோடு பிழையின்றி வேதம் ஓதுகிறவன் இந்த அணிகலன்களை எடுத்துக் கொள்ளலாம்” என்றான். வார்த்திகன் என்பவனுடைய சிறு மகன் மழலை மாறாத வாயால் ஓதிப் பரிசைப் பெற்றான். ஏழை வீட்டில் நகை மின்னியது ஊரார் சிலரின் கண்ணை உறுத்திற்று. அரசனுடைய ஏவலாளர் விசாரியாமல், புதையலைக் கவர்ந்தவன் என்று வார்த்திகனைச் சிறையிலிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுதாள். அவ்வளவில் ஐயை கோயிலின் கதவு திறவாமல் நின்றுவிட்டது. பாண்டியன் நடுங்கி, எங்கே முறை தவறியது என்று தேடி உண்மையை அறிந்தான். ஏவலாளரின் அறியாமையால் வந்த பிழையைத் தன் பிழையாகவே ஏற்றான். வார்த்திகனுக்குத் தங்காலையும் வயலூரையும் அளித்து, நிலத்தில் விழுந்து வணங்கினான். அப்போது கோயில் கதவு திறந்தது; அதன் ஓசை மதுரையின் வீதிகளெங்கும் கேட்டதாம்.

திருத்தங்கலின் பெயரோடு சேர்ந்து தமிழ் நாடு முதன்முதலில் கேட்ட பேரோசை, வெடியோசையன்று. நியாயம் கிடைத்தபோது கதவு திறந்த ஓசை.

தீங்கு நேர்ந்தது தன் கையால் அன்று என்று அந்த அரசன் தப்பித்துக் கொள்ளவில்லை. இன்று ஒரு வெடி அறை சிதறும்போது, போர்மேன் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார். ஒப்பந்தக்காரர் லைசென்ஸ்தாரரைக் காட்டுகிறார். அவர் விதியைக் காட்டுகிறார். சில நாள் பத்திரிகையில் படம் வருகிறது. நஷ்ட ஈடு அறிவிக்கப்படுகிறது. அடுத்த ஆனி ஆடியில் அவசரம் மீண்டும் தொடங்குகிறது. இந்த வரிசையின் கடைசியில், கடைத் தெருவில் “இன்னும் குறைத்துக் கொடு” என்று பேரம் பேசிக் கொண்டு நிற்பவர்கள் நாம். தீப்பெட்டியின் விலை பதினான்கு வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு ரூபாயானபோது எத்தனை வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது! ஐம்பது குச்சிகளை அடுக்கிய கைக்கு அதில் என்ன போய்ச் சேருகிறது என்று கேட்ட வீடுகள் எத்தனை?

பட்டாசே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்லுவது மரத்தடியில் சாப்பிட்ட அந்த அம்மாளின் சோற்றைத் தட்டிவிடுவதாகும். குறைவாக வாங்குவோம், ஆனால் ஒழுங்கான ஆலையில், லைசென்ஸோடு, பசுமை முத்திரையோடு வருவதை அதற்குரிய விலை கொடுத்து வாங்குவோம். சுவரில் எழுதிய எண்ணிக்கையை எந்த ஆலையும் மீறாதபடி நாள்தோறும் கண்காணிக்கப் போதிய அதிகாரிகளை வைக்குமாறு சர்க்காரைக் கேட்போம். விபத்துக்கு மறு நாள் கேட்பதைவிட, விபத்தில்லாத நாளில் கேட்பது மேல்.

நான்காம் நாள் கடைசிப் படிவத்தில் கையெழுத்திட்டோம். மலர் அழகாகவே வந்திருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், மை உலருமுன் ஓரத்தில் பதிந்துவிட்ட கட்டை விரல் ரேகை ஒன்று ஒரு பிரதியில் தெரிந்தது. அச்சகத்தார் அந்தப் பிரதியைக் கழித்துவிட எடுத்தார்கள். ஓவிய ஆசிரியர் அதை மட்டும் தமக்கென்று கேட்டு வாங்கிக் கொண்டார்.